பைத்தானில் கீவேர்ட்-ஒன்லி ஆர்குமென்ட்களும் ஃபங்ஷனின் சிக்னேச்சரைப் படிக்கும் முறையும்

    படம்_சுருக்கு('மலை', 800, 600, 1, 0)

இந்த வரியில் 'மலை' என்பது கோப்பின் பெயர் என்றும், 800, 600 ஆகியவை அகலமும் உயரமும் என்றும் ஊகித்துவிடலாம். ஆனால் கடைசியில் நிற்கும் 1, 0 ஆகிய இரண்டும் எதைக் குறிக்கின்றன என்பது இந்த வரியை எழுதியவருக்கு மட்டுமே தெரியும்; மூன்று மாதம் கழித்து அவருக்கும் தெரியாது. பழைய கோப்பின் மேலேயே புதிய படத்தை எழுதிவிடு என்பது அவற்றுள் ஒன்றாக இருந்து, அது தவறான இடத்தில் விழுந்திருந்தால், மூலப் படம் அழிந்துபோகும். ஃபங்ஷன் ஒருமுறை எழுதப்படுகிறது, பல இடங்களில் அழைக்கப்படுகிறது. ஆகவே வரையறையைத் திறந்து பார்க்காமலேயே அழைப்பு வரியைப் புரிந்துகொள்ள முடிய வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது. அதற்குப் பைத்தான் தரும் கருவி, பெயர் சுட்டியே தர வேண்டிய கீவேர்ட்-ஒன்லி ஆர்குமென்ட். பிறர் எழுதிய ஃபங்ஷன் எதை எப்படி எதிர்பார்க்கிறது என்பதை, அதாவது அதன் சிக்னேச்சரை, அந்த ஃபங்ஷனிடமே கேட்டறிய உதவுவது இன்ஸ்பெக்ட் மாட்யூல்.

எடுத்துக்காட்டுகளைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பைத்தான் 3-இல் மாறிகளுக்கும் ஃபங்ஷன்களுக்கும் பாராமீட்டர்களுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். பெப் 3131 அதற்கு வழி செய்தது (பெப் என்பது பைத்தானில் மாற்றங்களை முன்மொழியும் ஆவணம்). எனவே கீழே வரும் அழைப்பு வரிகளையும் நான் வைத்த பெயர்களையும் இங்குள்ளபடியே தட்டச்சு செய்யலாம். டெஃப், ஃப்ராம், இம்போர்ட் போன்ற மொழியின் சொந்தச் சொற்களையும், பிரிண்ட், சிக்னேச்சர், பைண்ட் போல ஏற்கெனவே பைத்தானில் இருக்கும் பெயர்களையும் மட்டும் ஆங்கில எழுத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். ஆம், இல்லை என்பதைக் குறிக்க வழக்கமாக எழுதும் ட்ரூ, ஃபால்ஸ் ஆகியவற்றுக்குப் பதிலாக 1, 0 என்று எழுதியிருக்கிறேன்.

முதல் படி: இரண்டு வகை அழைப்புகள்

வரையறையில் அடைப்புக்குறிக்குள் எழுதும் பெயர் பாராமீட்டர். அழைக்கும்போது அந்தப் பெயருக்கு நாம் கொடுக்கும் மதிப்பு ஆர்குமென்ட். பேச்சில் இரண்டையும் கலந்து சொல்வது வழக்கம்தான் என்றாலும், பிழைச் செய்திகளைப் படிக்கும்போது இந்த வேறுபாடு மனத்தில் இருப்பது நல்லது.

    டெஃப் படம்_சுருக்கு(கோப்பு, அகலம், உயரம், விகிதம்_காக்க=1, மேலெழுது=0):

இந்த ஃபங்ஷனுக்கு ஐந்து பாராமீட்டர்கள் உள்ளன. கடைசி இரண்டுக்கும் இயல்பு மதிப்பு தரப்பட்டிருப்பதால் அழைக்கும்போது அவற்றை விட்டுவிடலாம். மதிப்புகளை வரிசையாக மட்டும் கொடுத்தால், முதலாவது முதல் பாராமீட்டருக்கும் இரண்டாவது இரண்டாம் பாராமீட்டருக்கும் போய்ச் சேரும். இது பொசிஷனல் முறை. பெயரைச் சுட்டிக் கொடுத்தால் அது கீவேர்ட் முறை.

    படம்_சுருக்கு('மலை', 800, 600, மேலெழுது=0, விகிதம்_காக்க=1)

கீவேர்ட் முறையில் கொடுப்பவற்றின் வரிசையை மாற்றலாம். இரண்டு முறைகளையும் ஒரே அழைப்பில் கலக்கும்போது, பொசிஷனலாக வருபவை முன்னாலும் பெயர் சுட்டியவை பின்னாலும் வர வேண்டும். எந்தக் கட்டுப்பாடும் குறிப்பிடாவிட்டால், ஒவ்வொரு பாராமீட்டரையும் இரண்டில் எந்த முறையிலும் நிரப்பப் பைத்தான் அனுமதிக்கிறது. இந்தத் தாராளம்தான் சிக்கலுக்குக் காரணம்.

நான் இதை உணர்ந்த இடத்தையும் சொல்கிறேன். ஒரு நீண்ட உரையில் குறிப்பிட்ட சொல்லைத் தேடி, பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்காமல், எல்லா இடங்களிலும் மாற்ற வேண்டியிருந்தது. பைத்தானின் ரீ மாட்யூலில் உள்ள சப் ஃபங்ஷன் இதற்கு ஏற்றது. அதற்கு வடிவம், மாற்றுச் சொல், உரை ஆகிய மூன்றையும் கொடுத்துவிட்டு, நான்காவதாக எழுத்து வேறுபாட்டைப் புறக்கணிக்கச் சொல்லும் ரீ.இக்னோர்கேஸ் என்ற கொடியைக் கொடுத்தேன். பிழை எதுவும் வரவில்லை. சோதனைக்கு வைத்திருந்த சிறிய உரையில் அந்தச் சொல் இரண்டே இடங்களில், அதுவும் தேடிய அதே எழுத்து வடிவில் இருந்ததால், விடையும் சரியாக வந்தது. உண்மையான உரையில் ஓட்டியபோது முதல் இரண்டு இடங்களில் மட்டும் மாறி, மற்றவை அப்படியே நின்றன. காரணம் எளியது: அந்த ஃபங்ஷனின் நான்காவது பாராமீட்டர் கொடி அன்று, எத்தனை முறை மாற்ற வேண்டும் என்ற எண்ணிக்கை, கொடிக்கு உரிய இடம் ஐந்தாவது. இக்னோர்கேஸ் கொடியின் எண் மதிப்பு 2. எனவே "எழுத்து வேறுபாடு பார்க்காதே" என்று நான் சொன்னது, "இரண்டு முறை மாற்றினால் போதும்" என்று புரிந்துகொள்ளப்பட்டது. இந்தக் குழப்பம் பலருக்கும் நேர்வதால்தான், 2024 அக்டோபரில் வந்த பைத்தான் 3.13 முதல், எண்ணிக்கையையும் கொடியையும் பெயர் சுட்டாமல் கொடுத்தால் அது கைவிடப்படவிருக்கும் முறை என்ற எச்சரிக்கை வருகிறது.

இரண்டாம் படி: நட்சத்திரக் குறியை இடுதல்

ஒரு பாராமீட்டரைப் பெயர் சுட்டித்தான் நிரப்ப வேண்டும் என்று கட்டாயப்படுத்த, அதற்கு முன்னால் தனியாக ஒரு நட்சத்திரக் குறியை எழுதினால் போதும்.

    டெஃப் படம்_சுருக்கு(கோப்பு, அகலம், உயரம், *, விகிதம்_காக்க=1, மேலெழுது=0):

நட்சத்திரம் ஒரு பாராமீட்டர் அன்று. அதற்கு எந்த மதிப்பும் போய்ச் சேராது. பொசிஷனலாக வருபவற்றுக்கு இதுதான் எல்லை என்று அது கோடு போட்டு நிறுத்துகிறது. அதற்குப் பின்னால் வரும் பெயர்கள் அனைத்தும் கீவேர்ட்-ஒன்லி ஆகிவிடுகின்றன. கட்டுரையின் முதல் வரியில் உள்ள அழைப்பை இப்போது ஓட்டிப் பாருங்கள். டைப்எரர் எழும், இந்த ஃபங்ஷன் 3 பொசிஷனல் ஆர்குமென்ட்களை ஏற்கும், ஆனால் 5 தரப்பட்டுள்ளன என்ற பொருளில் செய்தி வரும். மூலப் படம் அழிந்த பிறகு தெரியவந்திருக்க வேண்டிய தவறு, ஃபங்ஷனுக்குள் ஒரு வரிகூட ஓடுவதற்கு முன்பே பிடிபடுகிறது.

நட்சத்திரத்துக்குப் பின்னால் ஒரு பெயராவது இருந்தாக வேண்டும். அடைப்புக்குறியை மூடுவதற்கு முன் நட்சத்திரத்தை மட்டும் எழுதி விட்டுவிட்டால் சின்டாக்ஸ்எரர் வரும்.

புதியவர்கள் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கீவேர்ட்-ஒன்லி பாராமீட்டருக்கு இயல்பு மதிப்பு இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "கீவேர்ட்" என்றாலே "விருப்பப்பட்டால் தருவது" என்று பொருள்கொள்வது தவறு.

    டெஃப் கோப்பு_நகர்த்து(மூலம், *, இலக்கு, பதிவு=1, மேலெழுது):

இதில் இலக்கு, மேலெழுது ஆகிய இரண்டும் கட்டாயம். பதிவு மட்டுமே விருப்பம். இயல்பு மதிப்புள்ள பாராமீட்டருக்குப் பின்னால் இயல்பு மதிப்பில்லாதது வரக்கூடாது என்ற விதி நட்சத்திரத்துக்கு முன்னால் உள்ள பகுதிக்கே பொருந்தும். பின்னால் உள்ளவை பெயரைக் கொண்டே அடையாளம் காணப்படுவதால் அவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். மேலெழுது என்பதைத் தராமல் அழைத்தால், கட்டாயமாகத் தர வேண்டிய ஒரு கீவேர்ட்-ஒன்லி ஆர்குமென்ட் விடுபட்டுள்ளது என்று, அதன் பெயரையும் சொல்லிப் பைத்தான் நிறுத்தும். பின்விளைவு பெரிதாக உள்ள செயல்களில் இயல்பு மதிப்பே கொடுக்காமல் இப்படிக் கேட்டு வாங்குவதையே நான் விரும்புகிறேன். அழைப்பவர் தாம் செய்வதை ஒருமுறை எழுத்தில் சொல்லிவிட்டுச் செய்கிறார்.

எத்தனை மதிப்புகள் வரும் என்று முன்கூட்டியே தெரியாத ஃபங்ஷன்களில், நட்சத்திரத்தோடு ஒரு பெயரையும் சேர்த்து எழுதுவோம்.

    டெஃப் இணை(*துண்டுகள், இடைக்குறி=', ', முடிவு=''):

துண்டுகள் என்ற பெயர் பொசிஷனலாக வரும் எல்லாவற்றையும் ஒரு டூப்பிளாக வாங்கிக்கொள்கிறது. அதற்குப் பின்னால் உள்ளவற்றை வரிசையில் நிரப்ப வாய்ப்பே இல்லாததால் அவையும் கீவேர்ட்-ஒன்லிதான். பிரிண்ட் ஃபங்ஷனில் செப், எண்ட் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே கொடுக்கிறோம் அல்லவா? அதே அமைப்புதான் இது. பைத்தான் 2-இல் இப்படி எழுதவே முடியாது. நட்சத்திரப் பெயருக்குப் பின்னால் சாதாரணப் பாராமீட்டரை எழுதினால் சின்டாக்ஸ்எரர் வரும். 2006-இல் முன்வைக்கப்பட்ட பெப் 3102 இந்தத் தடையை நீக்கியதோடு, வெறும் நட்சத்திரத்தையும் கொண்டுவந்தது. 2008 டிசம்பரில் வெளியான பைத்தான் 3.0 முதல் இரண்டும் மொழியின் பகுதியாக உள்ளன. சார்ட்டட் ஃபங்ஷனில் கீ, ரிவர்ஸ் ஆகியவை பெயர் சுட்டியே தரப்பட வேண்டியவையாக மாறியதும் பைத்தான் 3-இல்தான்.

இரட்டை நட்சத்திரத்தை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வரையறையின் கடைசியில் `**மற்றவை` என்று எழுதினால், வேறெங்கும் பொருந்தாத எல்லாக் கீவேர்ட் ஆர்குமென்ட்களும் அந்த டிக்ஷனரிக்குள் போய் விழும். நெகிழ்வாக இருக்கட்டும் என்று இதை எழுதிவிடுவது எளிது. ஆனால் அழைப்பவர் மேலெழுது என்பதற்குப் பதிலாக மேலேழுது என்று தட்டச்சு செய்துவிட்டால், அந்தப் பிழையும் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும், இயல்பு மதிப்பு நடைமுறைக்கு வந்துவிடும். பெயர்களை ஒவ்வொன்றாக எழுதி வைத்திருந்தால், அப்படியொரு கீவேர்டை எதிர்பார்க்கவில்லை என்று டைப்எரர் வரும், பைத்தான் 3.13-இல் எழுத்து நெருக்கமாக இருந்தால் சரியான பெயரையும் சேர்த்துப் பரிந்துரைக்கும். ஃபங்ஷன் ஏற்கும் பெயர்கள் இவைதாம் என்று தெரிந்திருக்கும்போது இரட்டை நட்சத்திரத்தைத் தவிர்த்து, அவற்றை வெளிப்படையாக எழுதுங்கள்.

நட்சத்திரத்துக்கு எதிர்த்திசையில் வேலை செய்யும் குறி சாய்கோடு (/). பெப் 570 வழியாகப் பைத்தான் 3.8-இல், 2019-இல், நாமே எழுதும் ஃபங்ஷன்களுக்கும் இது கிடைத்தது. சாய்கோட்டுக்கு முன்னால் உள்ளவற்றைப் பெயர் சுட்டிக் கொடுக்கவே முடியாது. பாராமீட்டரின் பெயருக்குத் தனிப் பொருள் எதுவும் இல்லாத இடங்களிலும், பின்னாளில் அந்தப் பெயரை மாற்ற உரிமை வேண்டும் என்ற இடங்களிலும் அது பயன்படும். தொடக்கத்தில் அதை எழுதுவதைவிட, பிறர் சிக்னேச்சரில் கண்டால் பொருள் புரிந்துகொள்வதே போதுமானது.

மூன்றாம் படி: எவற்றை நட்சத்திரத்துக்குப் பின்னால் வைப்பது

எல்லாவற்றையும் பின்னால் தள்ளிவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் வரிகள் வீணாக நீண்டு, படிப்பவருக்குச் சுமையாகும். ஃபங்ஷனின் பெயரைப் படித்தவுடனேயே "எதை?" என்று மனத்தில் எழும் கேள்விக்கு விடையாக உள்ளவற்றை முன்னால் விடுங்கள். படம்_சுருக்கு என்றால் எந்தக் கோப்பை என்பதே முதல் கேள்வி. அதற்குப் பெயர் சுட்ட வேண்டிய தேவை இல்லை. ஆம், இல்லை என்று மட்டுமே விடை உள்ள கொடிகள் எப்போதும் பின்னால் போகட்டும். இதில் நான் விதிவிலக்கு வைத்துக்கொள்வதில்லை. ஒரே வகை மதிப்பைக் கொண்ட இரண்டு பாராமீட்டர்கள் அடுத்தடுத்து நின்று, அவற்றை மாற்றிக் கொடுத்தாலும் பிழையே எழாது என்ற நிலை இருந்தால் அங்கும் எச்சரிக்கை வேண்டும். அகலமும் உயரமும் அப்படிப்பட்டவைதாம் என்றாலும் அந்த வரிசை எல்லாருக்கும் பழகியது. மூலமும் இலக்கும் அப்படி அன்று, எது முன்னால் வரும் என்பதில் ஆளுக்கொரு வழக்கம் உண்டு. அதனால்தான் கோப்பு_நகர்த்து ஃபங்ஷனில் இலக்கைப் பின்னால் வைத்தேன்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. கீவேர்ட்-ஒன்லி பாராமீட்டரின் பெயர், ஃபங்ஷனின் பெயரைப் போலவே அழைப்பவர்களுக்கு நாம் கொடுத்த வாக்காகிவிடுகிறது. பின்னால் அந்தப் பெயரை மாற்றினால், அதைப் பயன்படுத்தும் எல்லா அழைப்புகளும் உடையும். எனவே நட்சத்திரத்துக்குப் பின்னால் எழுதும் பெயர்களை அவசரமின்றி யோசித்து வையுங்கள். டேட்டாகிளாஸ் எழுதுபவர்களுக்கும் இதே வசதி பைத்தான் 3.10 முதல் கேடபிள்யூ_ஒன்லி என்ற அமைப்பின் மூலம் கிடைக்கிறது. புலங்கள் ஐந்தாறுக்கு மேல் போகும் வகுப்புகளில் அது பெரிதும் உதவும்.

நான்காம் படி: ஃபங்ஷனிடமே கேட்டறிதல்

இதுவரை நாம் எழுதும் ஃபங்ஷனைப் பற்றிப் பேசினோம். பிறர் எழுதியதைப் பயன்படுத்தும்போது, எது வரிசையில் போகும், எது பெயர் கேட்கும் என்பதை அறிய ஆவணத்தைத் தேடிப் போவதற்கு முன், பைத்தான் ஷெல்லைத் திறந்து ஹெல்ப் ஃபங்ஷனிடம் கேட்கலாம். தொடக்கத்திலேயே சிக்னேச்சர் தெரியும். அதை மட்டும் தனியாக எடுக்க, பைத்தானோடு கூடவே வரும் இன்ஸ்பெக்ட் மாட்யூல் போதும்.

    ஃப்ராம் இன்ஸ்பெக்ட் இம்போர்ட் சிக்னேச்சர்
    குறிப்பு = சிக்னேச்சர்(படம்_சுருக்கு)
    பிரிண்ட்(குறிப்பு)

வரும் விடை:

    (கோப்பு, அகலம், உயரம், *, விகிதம்_காக்க=1, மேலெழுது=0)

ஃபங்ஷனின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போடாமல் கொடுத்திருப்பதைக் கவனியுங்கள். அடைப்புக்குறி போட்டால் ஃபங்ஷன் ஓடி, அது திருப்பித் தரும் மதிப்பின் சிக்னேச்சரைக் கேட்டதாகிவிடும். அந்த மதிப்பு அழைக்கத்தக்கதாக இல்லாவிட்டால் டைப்எரர் வரும். தொடக்கத்தில் பலரும் இங்கேதான் இடறுகிறார்கள்.

இந்த விடையை இடமிருந்து வலமாகப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். சாய்கோடு உள்ளதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதற்கு இடப்புறம் உள்ளவற்றுக்குப் பெயர் சுட்டக் கூடாது. பிறகு நட்சத்திரத்தைத் தேடுங்கள். அதற்கு வலப்புறம் உள்ளவற்றுக்குப் பெயர் கட்டாயம். இடைப்பட்டவை இரண்டு முறைகளிலும் போகும். சமக் குறி இல்லாதவை கட்டாயம் தர வேண்டியவை. சார்ட்டட் ஃபங்ஷனைக் கேட்டுப் பார்த்தால் இரண்டு குறிகளும் அடுத்தடுத்து நிற்பதைக் காணலாம்: வரிசைப்படுத்த வேண்டிய பட்டியல் சாய்கோட்டுக்கு முன்னால், கீ, ரிவர்ஸ் ஆகியவை நட்சத்திரத்துக்குப் பின்னால், நடுவில் எதுவுமே இல்லை.

சிக்னேச்சர் வெறும் எழுத்துச் சரம் அன்று. 2012-இல் வெளியான பைத்தான் 3.3-இல் பெப் 362 வழியாக வந்த ஓர் ஆப்ஜெக்ட். அதன் பாராமீட்டர்ஸ் என்ற பண்பில், பாராமீட்டர்கள் ஒவ்வொன்றும் வரையறையில் உள்ள வரிசையிலேயே, பெயரோடு இணைத்து வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பாராமீட்டரிடமும் பெயர், இயல்பு மதிப்பு, வகை, வகைக்குறிப்பு ஆகியவற்றைக் கேட்கலாம். இவற்றுள் நமக்கு முக்கியமானது கைண்ட் என்ற பண்பு. அதற்கு ஐந்தே மதிப்புகள் உண்டு: பொசிஷனல் மட்டும், பொசிஷனல் அல்லது கீவேர்ட், ஒற்றை நட்சத்திரப் பெயர், கீவேர்ட்-ஒன்லி, இரட்டை நட்சத்திரப் பெயர். வரையறையில் இந்த ஐந்தும் எந்த வரிசையில் வர வேண்டுமோ அதே வரிசையில்தான் இங்கும் அடுக்கப்பட்டுள்ளன.

பிறர் எழுதிய பெரிய ஃபங்ஷன் ஒன்றில் எந்தக் கீவேர்ட்-ஒன்லி பாராமீட்டர்கள் கட்டாயம் என்று அறிய, பாராமீட்டர்களை ஒரு சுற்றில் எடுத்து, கைண்ட் கீவேர்ட்-ஒன்லியாகவும் இயல்பு மதிப்பு இல்லாததாகவும் உள்ளவற்றின் பெயரை மட்டும் அச்சிடுங்கள். கோப்பு_நகர்த்து ஃபங்ஷனுக்கு இதைச் செய்தால் இலக்கு, மேலெழுது ஆகிய இரண்டு பெயர்களும் வரும். இயல்பு மதிப்பு இல்லை என்பதைச் சோதிக்கும்போது ஒரு கவனம் தேவை. இல்லாத மதிப்பைக் குறிக்கப் பைத்தான் நன் என்பதைத் தருவதில்லை. ஏனென்றால் நன் என்பதே பல ஃபங்ஷன்களில் உண்மையான இயல்பு மதிப்பு. அதற்காகவே பாராமீட்டர்.எம்ப்டி என்ற தனி அடையாளம் இருக்கிறது. அதனோடு ஒப்பிட இரட்டைச் சமக் குறியைப் பயன்படுத்தாமல், இஸ் என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். இயல்பு மதிப்பாக உள்ள ஆப்ஜெக்ட் சமக் குறிக்குத் தனக்கென்று வேறு பொருள் வைத்திருந்தாலும், இஸ் ஒருபோதும் ஏமாற்றாது.

ஐந்தாம் படி: ஓட்டாமலேயே ஒத்திகை பார்த்தல்

சிக்னேச்சர் ஆப்ஜெக்டில் எனக்கு மிகவும் பிடித்த வசதி பைண்ட். ஃபங்ஷனுக்குக் கொடுக்க நினைக்கும் ஆர்குமென்ட்களை அப்படியே பைண்டுக்குக் கொடுத்தால், எது எந்தப் பாராமீட்டருக்குப் போய்ச் சேரும் என்று பொருத்திக் காட்டும். ஃபங்ஷன் ஓடவே ஓடாது.

    ஒத்திகை = குறிப்பு.பைண்ட்('மலை', 800, 600, மேலெழுது=1)
    பிரிண்ட்(ஒத்திகை.ஆர்குமென்ட்ஸ்)

வரும் விடை:

    {'கோப்பு': 'மலை', 'அகலம்': 800, 'உயரம்': 600, 'மேலெழுது': 1}

பொருந்தாத அழைப்பு என்றால், உண்மையான அழைப்பில் வருவது போலவே டைப்எரர் எழும். நாம் தராமல் விட்ட விகிதம்_காக்க இங்கே இல்லை என்பதைப் பாருங்கள். அப்ளை_டிஃபால்ட்ஸ் என்ற மெத்தடை அழைத்தபின் மீண்டும் அச்சிட்டால், அதுவும் தன் இயல்பு மதிப்போடு உரிய இடத்தில் வந்து சேரும். கோப்பை அழிப்பது, அஞ்சல் அனுப்புவது போன்று திரும்பப் பெற முடியாத செயலைச் செய்யும் ஃபங்ஷனை முதன்முதலாக அழைப்பதற்கு முன் இந்த ஒத்திகையைப் பார்த்துவிடுவது நல்ல பழக்கம். ரீ.சப் விஷயத்தில் எனக்கு நேர்ந்தது, இந்த ஒரு வரியால் முன்கூட்டியே தெரிந்திருக்கும்: இக்னோர்கேஸ் கொடி கவுன்ட் என்ற பெயருக்கு எதிரே நின்றிருக்கும்.

சிக்னேச்சர் உண்மையைச் சொல்லாத இடங்கள்

சிக்னேச்சரை நம்பலாம், ஆனால் சில இடங்களில் அது யாருடைய சிக்னேச்சர் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். டெக்கரேட்டர் இடப்பட்ட ஃபங்ஷனில், அந்தப் பெயரால் அழைக்கப்படுவது மூல ஃபங்ஷன் அன்று. அதைச் சுற்றிப் போர்த்திய உள் ஃபங்ஷன். அந்த உள் ஃபங்ஷன் பெரும்பாலும் வருவதையெல்லாம் வாங்கி மூலத்துக்குக் கடத்துவதாக எழுதப்பட்டிருக்கும். ஆகவே கேட்டால் இப்படி விடை வரும்:

    (*ஆர்க்ஸ், **கேவார்க்ஸ்)

இதனால் ஒரு பயனும் இல்லை. டெக்கரேட்டரை எழுதுபவர், ஃபங்க்டூல்ஸ் மாட்யூலில் உள்ள ரேப்ஸ் என்பதை உள் ஃபங்ஷனுக்கு இட்டால், மூல ஃபங்ஷனுக்கான சுட்டு அதில் பதிந்துவிடும். சிக்னேச்சர் அந்தச் சுட்டைப் பின்தொடர்ந்து மூலத்தின் பாராமீட்டர்களையே காட்டும். டெக்கரேட்டர் எழுதும் எவரும் ரேப்ஸ் இடாமல் விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. உள் ஃபங்ஷன் தானாக ஓர் ஆர்குமென்டைச் சேர்த்தாலும் நீக்கினாலும்கூட, காட்டப்படுவது மூலத்தின் சிக்னேச்சர்தான். அப்போது காட்டுவதும் நடப்பதும் வேறாகிவிடும். ஐயம் எழுந்தால், ஃபாலோ_ரேப்டு என்ற ஆர்குமென்டை ஃபால்ஸ் என்று கொடுத்துக் கேளுங்கள். வெளியே போர்த்தியிருக்கும் ஃபங்ஷனின் சொந்த முகம் தெரியும். அந்த ஆர்குமென்டையும் பெயர் சுட்டித்தான் தர வேண்டும்.

ஃபங்க்டூல்ஸில் உள்ள பார்ஷியல், சில ஆர்குமென்ட்களை முன்கூட்டியே நிரப்பிப் புதிய ஃபங்ஷனைத் தருகிறது. நம் ஃபங்ஷனில் அகலத்தை மட்டும் 800 என்று பெயர் சுட்டி நிரப்பிவிட்டு, கிடைத்ததன் சிக்னேச்சரைக் கேட்டால் வருவது இது:

    (கோப்பு, *, அகலம்=800, உயரம், விகிதம்_காக்க=1, மேலெழுது=0)

நட்சத்திரம் தானாகவே முன்னால் நகர்ந்திருக்கிறது. அகலம் பெயரால் நிரப்பப்பட்டுவிட்டதால், அதற்குப் பின்னால் உள்ள உயரத்தை இனி வரிசையில் எட்ட முடியாது. இரண்டாவதாக ஒரு மதிப்பைக் கொடுத்தால் அது அகலத்தோடுதான் மோதும். விதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சிக்னேச்சரே அதைச் சொல்லிவிடுகிறது.

மெத்தட்களில், ஆப்ஜெக்டின் வழியாகக் கேட்டால் செல்ஃப் காட்டப்படாது. வகுப்பின் வழியாகக் கேட்டால் அது முதல் பாராமீட்டராக நிற்கும். சி மொழியில் எழுதப்பட்ட உள்ளமைந்த ஃபங்ஷன்கள் சிலவற்றுக்குச் சிக்னேச்சர் விவரம் பதிவாகியிருக்காது; அவற்றைக் கேட்டால் வேல்யூஎரர் வரும், அப்போது ஹெல்ப் தரும் விளக்கத்தைப் படிப்பதே வழி. பழைய நூல்களைப் பார்த்து கெட்ஆர்க்ஸ்பெக் என்ற ஃபங்ஷனைத் தேடுபவர்கள் கவனிக்க: கீவேர்ட்-ஒன்லி பாராமீட்டர் உள்ள ஃபங்ஷனைக் கண்டால் அது பிழை எழுப்பிவிடும், 2022-இல் வந்த பைத்தான் 3.11-இல் அது நீக்கப்பட்டும் விட்டது.

ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள ஃபங்ஷனை மாற்றுதல்

நீங்கள் மட்டுமே அழைக்கும் ஃபங்ஷன் என்றால் நட்சத்திரத்தை இட்டுவிட்டு, எழும் டைப்எரர்களை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொள்ளலாம். பிறரும் அழைக்கிறார்கள் என்றால் ஒரே நாளில் அப்படிச் செய்வது முறையன்று. இயந்திரக் கற்றலுக்கான சைக்கிட்-லேர்ன் நூலகம் இதைச் செய்த விதம் பின்பற்றத்தக்கது: 2020-இல் வந்த 0.23 பதிப்பில் பெயர் சுட்டாத அழைப்புகளுக்கு எச்சரிக்கை மட்டும் கொடுத்தார்கள், 2021-இல் வந்த 1.0 பதிப்பில்தான் அதைப் பிழையாக்கினார்கள்.

அதே முறையை நாமும் கையாளலாம். வெறும் நட்சத்திரத்துக்குப் பதிலாக, இடைக்காலத்துக்கு ஒரு பெயரை அதனோடு சேர்த்து எழுதுங்கள்.

    டெஃப் படம்_சுருக்கு(கோப்பு, அகலம், உயரம், *பழையவை, விகிதம்_காக்க=1, மேலெழுது=0):

பழையவை காலியாக இருந்தால் அழைப்பு புதிய முறைப்படி வந்துள்ளது. எதுவும் செய்ய வேண்டாம். இரண்டுக்கு மேற்பட்ட மதிப்புகள் இருந்தால் உடனே நீங்களே டைப்எரர் எழுப்புங்கள்; இல்லாவிட்டால் மிகையானவை கேட்பாரின்றிப் போய்விடும். ஒன்றோ இரண்டோ இருந்தால், அவற்றை வரிசைப்படி விகிதம்_காக்க, மேலெழுது ஆகியவற்றில் இட்டுவிட்டு, வார்னிங்ஸ் மாட்யூலின் வார்ன் மூலம் எச்சரிக்கை கொடுங்கள். அதில் ஸ்டாக்லெவல் என்பதை 2 என்று குறிப்பிட்டால், எச்சரிக்கை உங்கள் ஃபங்ஷனின் வரியைக் காட்டாமல், திருத்த வேண்டிய அழைப்பு வரியைக் காட்டும். டெப்ரிகேஷன்வார்னிங் வகையை, நேரடியாக ஓட்டப்படும் கோப்பிலிருந்து எழுந்தால் தவிர, பைத்தான் இயல்பாக மறைத்துவிடுகிறது. எல்லாரும் பார்க்க வேண்டும் என்றால் ஃபியூச்சர்வார்னிங் வகையைப் பயன்படுத்துங்கள்.

எச்சரிக்கைகள் ஓய்ந்த பிறகு, பழையவை என்ற பெயரை நீக்கி நட்சத்திரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். கடைசியாக, சிக்னேச்சரை எழுத்துச் சரமாக மாற்றி, இருக்க வேண்டிய வடிவத்தோடு ஒப்பிடும் ஒரு வரியைச் சோதனைக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். பின்னாளில் யாராவது ஒரு பாராமீட்டரின் பெயரை மாற்றினாலோ நட்சத்திரத்தை அழித்துவிட்டாலோ, அழைப்பவர்களுக்கு முன்பாக அந்தச் சோதனை உங்களுக்குச் சொல்லிவிடும்.